சோதனை அகழிகள் முடிந்த பிறகும் சாலைப் பணியில் தொல்லியல் கண்காணிப்பு ஏன்?

கேள்வி:
வணக்கம். அயர்லாந்தில் ஒரு புறவழிச்சாலைப் பணியில் தளப் பொறியாளராகச் சேர்ந்து சில வாரங்களே ஆகின்றன. தடம் நெடுகச் சோதனை அகழிகள் வெட்டிப் பார்த்து அறிக்கையும் வந்துவிட்டது. ஆயினும், மேல்மண்ணை வழிக்கும் பொக்லைன் ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு தொல்லியலாளர் நிற்கிறார். அவர் கை காட்டினால் இயந்திரம் நின்றுவிட வேண்டும். பார்த்த நிலத்தையே மறுபடியும் பார்ப்பது எதற்காக? விதிக்குக் கட்டுப்படுகிறேன், காரணத்தையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1:
நண்பரே, நிலம் முழுவதையும் எவரும் இன்னும் பார்க்கவில்லை. சோதனை அகழி ஒரு மாதிரி மட்டுமே. இரண்டு அகழிகளுக்கு இடையிலுள்ள மண் மூடியே கிடக்கிறது. மீத் மாவட்டத்தில் தாரா குன்றிலிருந்து ஏறத்தாழ 2 கி.மீ. தொலைவில், எம்3 நெடுஞ்சாலையின் தடத்தில் இருந்த லிஸ்முல்லினை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புக்காலத்தில் மரக்கம்பங்களை நட்டு அமைத்த, சுமார் 80 மீட்டர் விட்டமுள்ள வட்ட அடைப்பு ஒன்று அங்கே 2007-இல் வெளிப்பட்டது. கம்பங்கள் எப்போதோ மக்கிவிட்டன. எஞ்சியவை நிறம் மாறிய சிறு மண்புள்ளிகள். அவற்றில் ஒன்றை மட்டும் குறுகிய அகழியில் கண்டால், வேர் ஓடிய தடம் என்று எண்ணிக் கடந்துவிடக்கூடும். பரப்பு அகலமாகத் திறந்தால்தான் புள்ளிகள் வரிசையாகி, வரிசை வட்டமாகத் தெரியும்.

ஆகவே, வழிக்கும் முறைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பல் இல்லாத வாளியால் மண்ணை மெல்லிய படலங்களாக எடுக்க வேண்டும். வழித்த பரப்பின் மேல் இயந்திரம் ஏறாதபடி பின்னோக்கியே நகர வேண்டும். டிப்பர் ஒருமுறை அதன்மேல் ஓடினால், குறிப்பாக ஈரமண்ணில், அந்தப் புள்ளிகள் சேறாகிவிடும். பிறகு எந்த நிபுணராலும் அவற்றைப் படிக்க முடியாது.

பதில் 2:
மேலே கூறியதை ஏற்கிறேன். ஆனால் கண்காணிப்பு, முன் ஆய்வில் தவறியதைப் பிடிக்கும் கடைசிப் பாதுகாப்பு வலை மட்டுமே என்பதையும் சொல்ல வேண்டும். வாட்டர்ஃபோர்டு புறவழிச்சாலைக்கான முன் ஆய்வில், 2003-இல், சூர் ஆற்றங்கரையில் உள்ள வுட்ஸ்டவுனில் வைக்கிங்குகளின் (ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின்) குடியிருப்பு ஒன்று கண்டறியப்பட்டது. கட்டுமானம் தொடங்கியிராததால் சாலையின் தடத்தையே மாற்றி அந்த இடத்தைக் காக்க முடிந்தது. மாறாக, லிஸ்முல்லின் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டும், முழுமையாக அகழ்ந்து பதிவு செய்யப்பட்ட பின் அதன்மேல் சாலை சென்றது. பதிவு விலைமதிப்பற்றதுதான், இருந்தாலும் அந்த இடம் இனி இல்லை என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தொல்லியலாளர் கை காட்டினால் தடம் முழுவதும் பணி நின்றுவிடுமா?

பதில் 1:
பொதுவாக இல்லை. கண்டறிந்த பகுதியைச் சுற்றி வேலியிட்டு, இயந்திரத்தை வேறு பகுதிக்கு மாற்றலாம். அதற்கென மாற்று இடமொன்றைப் பணி அட்டவணையில் இப்போதே ஒதுக்கி வையுங்கள். டிப்பர் செல்லும் வழியையும் வழிக்காத நிலத்தின் பக்கமாகவே அமையுங்கள்.