ஜியாலஜி படித்துவிட்டு பொது உரைகளையே தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா?

அடுக்குப்பாறை:
ஜியாலஜியில் பிஎச்.டி. முடிக்கப் போகிறேன். ஆய்வு பிடிக்கும், ஆனால் இந்தத் துறைக்கே சம்பந்தமில்லாத ஒரு கூட்டத்துக்கு நிலநடுக்கம் பற்றிச் சொல்லி, அவர்கள் கேள்வி கேட்க ஆரம்பிக்கும்போது வருகிற நிறைவு ஆய்வில் வருவதில்லை. வழிகாட்டி "முதலில் கட்டுரைகளைப் போடு, பேச்செல்லாம் அப்புறம்" என்கிறார். பேச்சால் பெயர் வாங்கிய நில அறிவியலாளர்களுக்கு உண்மையில் வருமானம் எங்கிருந்து வந்தது?

எரிகுழம்பு:
உரையை நம்பியே வாழ்ந்தவர்கள் குறைவு, ஆனால் இருந்திருக்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பிரான்சின் காட்டியா, மாரிஸ் கிராஃப்ட் தம்பதி. ஒருவர் புவிவேதியியல், இன்னொருவர் ஜியாலஜி. எரிமலைகளுக்குப் போவது, படம் எடுப்பது, அதை வைத்து நூல் எழுதுவது, ஊர் ஊராக உரையாற்றுவது, அந்தப் பணத்தில் அடுத்த எரிமலைக்குக் கிளம்புவது என்றே வாழ்ந்தார்கள். 1985இல் கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்துச் சேற்றுப் பெருக்கில் 20,000 பேருக்கு மேல் இறந்தபிறகு, எரிமலை ஆபத்துகளைச் சாதாரண மக்களுக்குக் காட்டும் ஒரு வீடியோவை மாரிஸ் உருவாக்கினார். பிலிப்பைன்சின் பினடுபோ எரிமலை குமுறத் தொடங்கியபோது அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் அதைப் போட்டுக் காட்டினார்கள், ஊரைக் காலி செய்யச் சம்மதிக்க வைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பினடுபோவின் பெருவெடிப்பு 1991 ஜூன் 15. அதைப் பார்க்க அவர்கள் இல்லை, ஜூன் 3 அன்றே ஜப்பானின் உன்சென் எரிமலையில் இருவரும் இறந்துவிட்டார்கள்.

நிலத்தட்டு:
அது அபூர்வமான பாதை. சம்பளத்தோடு இதைச் செய்தவர் என்றால் லூசி ஜோன்ஸைப் பாருங்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை, ஆய்வுத் துறை நிலநடுக்கப் புள்ளியியல். 1992இல் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தவர். கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவில் 7.8 அளவு நிலநடுக்கம் வந்தால் என்ன ஆகும் என்று 2008இல் ஒரு பெரிய குழுவோடு கணக்கிட்டார், அதையொட்டி மக்களுக்காக நடந்த முதல் நிலநடுக்கப் பாதுகாப்பு ஒத்திகையில் 50 லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். 2016இல் ஓய்வு பெற்று, இதற்கென்றே தனி மையம் தொடங்கினார். உங்கள் வழிகாட்டி சொல்வதில் பாதி சரி, ஜோன்ஸ் பேச்சுக்கு எடை கொடுத்தது அவருடைய ஆய்வுதான். ஆனால் "அப்புறம்" என்பதை நான் ஏற்கமாட்டேன், அவர் இரண்டையும் சேர்த்தேதான் செய்தார்.

மணற்கல்:
ஒரு விஷயம் விட்டுப்போகிறது. இந்த வேலையில் ஒரு வாக்கியத்துக்கும் பொறுப்பு உண்டு. இத்தாலியின் லாக்விலாவில் மாதக்கணக்கில் சிறுசிறு அதிர்வுகள். அதனால் நிலத்தின் அழுத்தம் குறைகிறது, நல்லதுதான் என்கிற பொருளில் ஓர் அதிகாரி தொலைக்காட்சியில் சொன்னார். அறிவியல்படி அது தவறு. 2009 ஏப்ரல் 6இல் வந்த நிலநடுக்கத்தில் 309 பேர் இறந்தார்கள். 2012இல் அந்த அதிகாரியோடு ஆறு விஞ்ஞானிகளுக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2014இல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் விடுதலை, அதிகாரிக்குத் தண்டனை குறைந்தது, ரத்தாகவில்லை. "தெரியாது, ஆனால் தயாராக இருங்கள்" என்று பதற்றமில்லாமல் சொல்லப் பழகுங்கள். கூட்டத்தில் கேட்பவர்கள் "என் வீடு தாங்குமா" என்றுதான் கேட்பார்கள், பூமியின் பாறைத்தட்டுகள் நகரும் வேகத்தை அல்ல.

அடுக்குப்பாறை:
நன்றி. இதற்கென்றே பதவிகள் இருக்கின்றனவா?

நிலத்தட்டு:
இருக்கின்றன, அதிகம் இல்லை. பிளிமத் பல்கலைக்கழகத்தில் இயன் ஸ்டூவர்ட் வகித்த பதவியே புவி அறிவியல் தொடர்பியல் பேராசிரியர் என்பதுதான். அதைவிட அருங்காட்சியகங்கள், யுனெஸ்கோ ஜியோபார்க்குகள் (நிலவியல் சிறப்புக்காக அங்கீகரிக்கப்பட்ட பகுதிகள்), தேசிய நிலவியல் ஆய்வு நிறுவனங்களின் மக்கள் தொடர்புப் பிரிவுகள், இவற்றில் வாய்ப்பு கூடுதல். விண்ணப்பத்தோடு உங்கள் உரை ஒன்றின் வீடியோவையும் அனுப்புங்கள், கேள்வி பதில் பகுதியை வெட்டாமல்.