வாழ்த்து மடலில் பெயர் வந்து விழும் இடத்துக்கு என்ன சொல்?

கணினிப் பாட ஆசிரியை, கிளிநொச்சி

எல்லாருக்கும் வணக்கம். தீபாவளிக்கு இன்னும் 12 நாள். மெயில் மேர்ஜ் பாடத்தை, அதாவது ஒரு மடலைப் பெயர்ப் பட்டியலோடு இணைத்து ஆளுக்கொரு மடலாக்குவதை, இம்முறை தீபாவளி வாழ்த்தை வைத்தே நடத்தப் போகிறேன். உறவுக்கு ஒன்று, நண்பருக்கு ஒன்று, சக ஊழியருக்கு ஒன்று என மூன்று மாதிரி மடல்கள். கையேடு நாளை மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன்.

மடலில் « » குறிகளுக்குள் நின்று, அட்டவணையில் இருக்கிற பெயரை வாங்கிக்கொள்கிற இடம், அதாவது மேர்ஜ் பீல்ட், தமிழில் என்ன? பீல்டுக்குப் பாடப்புத்தகச் சொல் ‘புலம்’. தரவுத்தளப் பாடத்தில் அது போதும். ஆனால் வன்னியில் புலம் என்றால் வெளிநாடு. ‘பெயர்ப்புலம்’ என்று எழுதினால் பிள்ளைகள் ‘புலம்பெயர்’ என்றுதான் வாசிப்பார்கள். அதுவும் வாழ்த்து அனுப்பப் போகிற பட்டியலில் பாதிப் பேர் புலத்து உறவுகள்.

இன்னொரு சிக்கல் இதோடு ஒட்டியது. ‘அன்பின் «பெயர்»க்கு’ என்று வைத்து இணைத்தால் ‘ரவிக்கு’ சரியாக வரும். அடுத்த மடலில் ‘கமலாக்கு’, அதற்கடுத்ததில் ‘குமார்க்கு’, ‘செல்வம்க்கு’. ‘உக்கு’ என்று தொடங்குவோம் என்று உகரக் குறியைத் தனியே அடித்தால் மடலில் புள்ளி வட்டம்தான் தெரியும். ஆகவே, வெறும் பெயரைக் கொண்டுவந்து போடு என்ற எண்ணத்தைத் தராத சொல்லாக வேண்டும்.

மென்பொருள் தமிழாக்குநர், முள்ளியவளை

ரீச்சர், ‘இடநிரப்பி’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். புதுச்சொல் எதற்கு?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வவுனியா

தம்பி, நிரப்பி என்றால் நிரப்புவது. வெட்டி, கொத்தி, நிரப்பி எல்லாம் செய்பவனைச் சொல்லும் வடிவம். இங்கே அந்த இடம் எதையும் நிரப்பவில்லை, அதைத்தான் நாம் நிரப்புகிறோம். வினையே தலைகீழாகிறது.

மடலின் தொடக்கத்தில் நிற்பது விளி. தொல்காப்பியர் எழுவாய் முதல் ஏழு வேற்றுமையைச் சொல்லி, விளியோடு எட்டு என்று கணக்கை முடித்து, விளிக்கென்றே விளிமரபு என ஓர் இயல் வகுத்தார். இகர ஈற்றுப் பெயர் ஈகாரமாகும்: தம்பி, தம்பீ. ஐகார ஈறு ஆய் ஆகும்: அன்னை, அன்னாய். ஆகவே ‘விளியிடம்’ என்பேன். ‘இடம்’ என்பதும் இடு என்ற அடியிலிருந்து வந்தது என்பது என் துணிபு. இடுவதற்கு உரியது இடம். இடை, இடைவெளி, இடுக்கு எல்லாம் அதே குடும்பம். பெயரை இடும் இடம் என்பதைத் தமிழ் ஏற்கெனவே தன் வேருக்குள் வைத்திருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர், மன்னார்

ஐயா, விளியிடம் அழகான சொல். ஆனால் மடலில் பெயர் மட்டுமா இப்படி வருகிறது? சக ஊழியர் மடலில் பதவி வரும், கிளை வரும், கடைசியில் தனியாக ஒரு வரி வரும். அவற்றில் எதுவும் விளி இல்லை. ‘பெயரிடம்’ என்று வைத்தாலும் அதே குறை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வவுனியா

பெயரிடம் என்பதை நான் முன்மொழியவில்லை, ஆனாலும் அதற்காக வாதாடுவேன். இலக்கணத்தில் பெயர் என்பது பெயர்ச்சொல் முழுவதையும் குறிக்கும். பதவியும் பெயர், கிளையும் பெயர். ‘இடம்’ ஏழாம் வேற்றுமை உருபாகவும் வருமே என்று யாராவது கேட்கலாம். அவரிடம், அக்காவிடம் என்று அந்த உருபு பெரும்பாலும் மனிதரோடுதான் சேரும். பெயர் அஃறிணை, ஆகையால் மயக்கம் வராது.

அச்சக வடிவமைப்பாளர், புதுக்குடியிருப்பு

மயக்கம் வரும் ஐயா. ‘பத்துப் பேரிடம் கேட்டேன்’ என்று சொல்கிற ஊர் இது. பேர் என்றால் ஆள்.

சொல் எதுவாகவும் இருக்கட்டும், கையேட்டில் எழுத்துரு பற்றி ஒரு பெட்டி போடுங்கோ. இங்கே வருகிற பெயர்ப் பட்டியல்கள் பல பாமினியில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருவில், அடித்தவை. மடல் யூனிகோடில் இருந்தால், இணைத்தவுடன் பெயர் விழவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியல் விழும். எழுத்துருவை மாற்றி ஒப்பேற்றப் பார்க்கக் கூடாது, பட்டியலை முதலில் யூனிகோடுக்கு மாற்றவேண்டும். எக்செலில் இருந்து பட்டியலைச் சேமிக்கும்போது வெறும் சீஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) கொடுத்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகும். மூடித் திறந்தாலும் மீளாது. ‘சீஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற தெரிவைத்தான் எடுக்கவேண்டும். மற்றது, « » குறியைக் கையால் அடித்தால் வேலை செய்யாது. வேர்ட்டின் மெயிலிங்ஸ் பட்டையில் ‘இன்சேர்ட் மேர்ஜ் பீல்ட்’ வழியாகவே செருகவேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், அதனால்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ‘பிரிவியூ ரிசல்ட்ஸ்’ அழுத்தியும் மாறாமல் நின்றால் அது கையால் அடித்தது.

மென்பொருள் தமிழாக்குநர், முள்ளியவளை

வேற்றுமைச் சிக்கலுக்கு வழி இருக்கிறது ரீச்சர். பட்டியலில் ‘பெயர்’ நிரலுக்குப் பக்கத்தில் ‘பெயருக்கு’ என்று இன்னொரு நிரல் வையுங்கள். 30, 40 பேர் என்றால் கையால் அடிப்பதே நல்லது. கூடுதலாக இருந்தால் ஈற்றைப் பார்த்துச் சூத்திரம் எழுதலாம். மகர மெய்யில் முடிந்தால் ‘ம்’ஐ எடுத்துவிட்டு ‘த்துக்கு’: செல்வத்துக்கு. மற்ற மெய்களில் முடிந்தால் புள்ளியை மட்டும் எடுத்து ‘உக்கு’: குமாருக்கு, கண்ணனுக்கு, மச்சாளுக்கு. ஆகாரத்தில் முடிந்தால் ‘வுக்கு’: கமலாவுக்கு, பாத்திமாவுக்கு, அம்மம்மாவுக்கு. இ, ஈ, ஐ என்றால் வெறும் ‘க்கு’: ரவிக்கு, மாமிக்கு.

எக்செல் புள்ளியை ஒரு தனி எழுத்தாக எண்ணும். வலப்பக்கம் ஓர் எழுத்து எடு என்றால் புள்ளி மட்டும் வரும். ‘ம்’ வேண்டுமென்றால் 2 என்று கொடுக்கவேண்டும். இதை விட்டால் சூத்திரம் எல்லாப் பெயரையும் ஒரே வகையில் தள்ளிவிடும்.

பிறகு ‘அன்பின் «பெயருக்கு»த் தீபாவளி நல்வாழ்த்துகள்’ என்று மடலை அமைக்கலாம். எந்தப் பெயரானாலும் நான்காம் வேற்றுமை ‘க்கு’ என்றே முடிவதால் வலி மிகும். அந்த ‘த்’ பட்டியலுக்குள் போகாது, மடலிலேயே நிலையாக நிற்கும்.

மொழிபெயர்ப்பாளர், மன்னார்

‘«பெயர்» அவர்களுக்கு’ என்று போட்டால் ஒரு நிரலும் தேவையில்லையே?

கணினிப் பாட ஆசிரியை, கிளிநொச்சி

சக ஊழியர் மடலில் அப்படியே வைத்திருக்கிறேன், அங்கே பொருத்தம். உறவு மடலில் ‘அம்மம்மா அவர்களுக்கு’ என்று வந்தால் அது சங்கக் கூட்ட அழைப்பிதழ் மாதிரி ஆகிவிடும். குஞ்சம்மாவுக்கும் மச்சானுக்கும் எழுதும்போது ‘அவர்கள்’ என்ற சொல்லே ஒரு முழம் தள்ளி நிறுத்துகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வவுனியா

‘வாழ்த்துகள்’ என்று ஒற்று மிகாமல் எழுதியமைக்குத் தம்பிக்கு நன்றி. ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதினால் வாழ்த்தினுடைய கள் என்று பிரிக்க இடமுண்டு. கள் இறக்குகிற பனை நிற்கிற மண்ணில் இதை விளக்கவேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பாளர், மன்னார்

ஐயா, வாழ்த்துக்கள் என்பதைத் தவறென்று நான் ஒப்பவில்லை. வன்றொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் ஒற்றோடு எழுதும் வழக்கு அச்சில் எத்தனையோ காலமாக இருக்கிறது. எழுத்துக்கள், கருத்துக்கள் என்று வாசிக்கிறவர் எவரும் கள்ளை நினைப்பதில்லை.

மென்பொருள் தமிழாக்குநர், முள்ளியவளை

இலக்கணம் எப்படியோ, குறுஞ்செய்தியில் கணக்கு வேறு. தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 70 குறியீடு. மெய்யும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும். ‘வாழ்த்துகள்’ 11, ‘வாழ்த்துக்கள்’ 13. ‘அன்பின் மாமாவுக்குத் தீபாவளி நல்வாழ்த்துகள்’ என்பது இடைவெளிகளோடு 43. மிச்சம் 27. 70ஐத் தாண்டினால் செய்தி இரண்டாக உடையும், ஒவ்வொரு துண்டுக்கும் 67தான் கிடைக்கும், காசும் இரண்டு செய்திக்குப் போகும். பட்டியலில் மிக நீளமான பெயரை வைத்துத்தான் அளந்து பார்க்கவேண்டும், சின்னப் பெயரை வைத்தல்ல.

தரம் 5 ஆசிரியை, மல்லாவி

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு இருந்தேன். ‘கீறிட்ட இடத்தைப் பொருத்தமான சொல்லால் நிரப்புக’ என்பது தரம் 3 பிள்ளைக்கும் தெரிந்த தொடர். அதைச் சுருக்கி ‘கீறிடம்’ என்று வைத்தால் என்ன?

கிளிநொச்சி ரீச்சர் கேட்ட இரண்டாவது விஷயமும் இதில் அடங்குகிறது. ‘அண்ணன் ______ போனான் (பாடசாலை)’ என்று கேட்டால் பிள்ளை கோட்டில் ‘பாடசாலை’ என்று எழுதாது, ‘பாடசாலைக்கு’ என்று எழுதும். கீறிட்ட இடத்தில் சொல் உருபேற்றுத்தான் உட்காரும் என்பது அதற்குக் கைப்பழக்கம். வேறு எந்தச் சொல்லும் இந்தப் பழக்கத்தைக் கூடவே கொண்டுவராது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வவுனியா

புணர்ச்சி சரி. கீறு + இடம். ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்’, ஆகவே கீறிடம். வினைத்தொகையாகக் கொண்டால் கீறிய இடம், கீறும் இடம் என முக்காலமும் அடங்கும். ஆனால் நிரப்புதல் என்ற பொருள் சொல்லுக்குள் எங்கே இருக்கிறது, பிள்ளை? கோடு மட்டும் நிற்கிறது, அதன் பயன் வெளியே நிற்கிறது.

மொழிபெயர்ப்பாளர், மன்னார்

எனக்கு வேறு தயக்கம். படம் கீறு, கோடு கீறு என்பது நமக்குள் இயல்பு. தமிழ்நாட்டில் கீறு என்றால் முள் கீறுவது, கத்தி கீறுவது. அங்கே ‘கோடிட்ட இடம்’ என்பார்கள். தீபாவளி வாழ்த்துப் பாடத்தில் காயத்தை நினைவூட்டும் சொல் வேண்டாம். ‘நிரப்பிடம்’ எல்லாருக்கும் விளங்கும், ஐயா கேட்கிற பயனும் அதில் இருக்கிறது.

அச்சக வடிவமைப்பாளர், புதுக்குடியிருப்பு

நிரப்பிடம் என்றதும் எரிபொருள் நிரப்பு நிலையம்தான் எனக்கு வருகிறது. ‘வெற்றிடம்’ என்று போடலாம் என நினைத்தேன், அது பதவி வெற்றிடமாகப் போய்விட்டது. இந்த நாட்டு வழக்கில் நல்ல சொற்களுக்கெல்லாம் ஏற்கெனவே ஒரு வேலை கொடுத்தாயிற்று.

தரம் 5 ஆசிரியை, மல்லாவி

கையேட்டை வாசிக்கப் போவது கிளிநொச்சிப் பிள்ளைகள். அவர்கள் கீறுகிற மொழியிலேயே இருக்கட்டும்.

சொல்லைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, பட்டியலில் ‘அனுப்பலாமா’ என்று ஒரு நிரல் வைக்கவேண்டும். ஒருவர் இறந்து ஆட்டைத்திவசம் முடியாத வீட்டுக்கு இயந்திரம் ‘இனிய தீபாவளி’ அனுப்பிவிடக் கூடாது. அந்த வீட்டுக்குக் கையால் நலம் விசாரித்து எழுதவேண்டும், பண்டிகையின் பெயர் இல்லாமல். ‘எடிட் ரிசிப்பியன்ட் லிஸ்ட்’டில் அந்த வரிசைக்கு நேரே உள்ள சரிக்குறியை எடுத்துவிட்டால் போதும்.

மற்றது, பெயர் விழும் இடம் சரியானாலும் வாழ்த்து மனதிலிருந்து வந்ததாகாது. இரண்டாவது கீறிடம் ஒன்று வைத்து, ‘தனிவரி’ என்ற நிரலில் ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒட்டுசுட்டான் மாமாவுக்கு, ‘காலபோக விதைப்பு முடிஞ்சிருக்கும், மழை அளவாய்ப் பெய்யட்டும்.’ அம்மம்மாவுக்கு, ‘நீங்கள் சுடுகிற சீனி அரியதரம் இந்த முறை எனக்கும் எடுத்து வையுங்கோ.’ சக ஊழியருக்கு, ‘மாத முடிவுக் கணக்கில் நீங்கள் கைகொடுத்ததை மறக்கவில்லை.’ பொதுவான நாலு அடியை யாரும் இரண்டாம் முறை வாசிப்பதில்லை. இந்த ஒரு வரியை வாசிப்பார்கள்.

கணினிப் பாட ஆசிரியை, கிளிநொச்சி

தனிவரியைச் சேர்த்துவிட்டேன். ஒரு பிள்ளை அதை வெறுமையாக விட்டால் மடலில் ஓட்டை தெரியாதபடி, ‘ரூல்ஸ்’ பகுதியில் இஃப்-தென்-எல்ஸ் வைத்து, நிரல் வெறுமையானால் பொதுவரி ஒன்று வருமாறு செய்திருக்கிறேன். ‘அனுப்பலாமா’ நிரலும் வைத்தாயிற்று.

இதுவரை கீறிடத்துக்கு நாலு பேர், நிரப்பிடத்துக்கு ஒருவர், விளியிடத்துக்கு ஐயா. நேரமில்லை, கீறிடம் என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். பாடப்புத்தகத்தில் ‘புலம்’ என்றே இருப்பதால் முதற் பக்கத்தில் மட்டும் ‘கீறிடம், அதாவது இணைப்புப் புலம்’ என்று ஒருமுறை வரும்.

மொழிபெயர்ப்பாளர், மன்னார்

இந்த வகுப்புக்குச் சரி. மென்பொருள் இடைமுகத்துக்கு இதே சொல்லை அனுப்புவதானால் என் மறுப்பு அப்படியே இருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வவுனியா

பெரும்பான்மை முடிவை ஏற்கிறேன், விளியிடத்தை விடவில்லை. ரீச்சர், நீங்கள் இணைத்த படியில் 6ஆம் பக்கம் உறவு மடல் மாதிரியில் ‘பெரியப்பாவுக்கு தீபாவளி’ என்று ஒற்று விடுபட்டிருக்கிறது. அச்சுக்குப் போகமுன் பாருங்கள்.