மறு: வெப்பத்தைக் கண்ணுக்குக் காட்டும் கட்டடம் – கலைச்சொல்

> ‘வெயில்காட்டிச் சுவர்’ என்று வைக்கலாமே. நாள்காட்டி, திசைகாட்டி மாதிரி யாருக்கும் உடனே புரியும்.

குழும நண்பர்களுக்கு வணக்கம். சூடேறினால் நிறமோ வடிவமோ மாறி, வெப்பத்தைக் கண்ணுக்குக் காட்டும் கட்டடத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் நம் பேச்சு.

கொடைக்கானல் நண்பர் மேலே சொன்ன ‘வெயில்காட்டிச் சுவர்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மலையில் வெயில் வேறு, வெப்பம் வேறு என்று அவருக்கு நான் சொல்லவா வேண்டும்? ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியெல்லாம் உறைபனி. பதினோரு மணிக்கு வெயிலில் நின்றால் சுள்ளென்று சுடும். நிழலுக்கு நகர்ந்தால் ஸ்வெட்டரைத் தேடுவோம். சூட்டுக்கு நிறம் மாறும் சாயத்தைத் தெற்குச் சுவரில் பூசினால் அன்றைக்கும் மாறிவிடும். அது காட்டுவது வெயிலை. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டி 29 டிகிரியைத் தொட்டதே, அதைக் காட்ட வேண்டுமானால் நாள் முழுக்க நிழலில் இருக்கும் சுவரில், 25 டிகிரி வாக்கில் மாறும் சாயம் வேண்டும். (புற ஊதாக் கதிர் பட்டால் அந்தச் சாயம் சீக்கிரம் வெளுத்தும் போகும்.) ஆகவே ‘வெப்பம்’ இருக்கட்டும்.

அடுத்து ‘காட்டி’. திசைகாட்டி ஒரு தனிக் கருவி. இங்கே கட்டடத்தின் உடம்பே மாறுகிறது. 2011-இல் லாஸ் ஏஞ்சலஸில் கட்டடக்கலைஞர் டோரிஸ் கிம் சுங் அமைத்த ‘புளூம்’ பந்தலில் சுமார் 14,000 ஈருலோகத் தகடுகள், அதாவது இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தவை. ஓர் உலோகம் மற்றதைவிட அதிகம் விரிவதால் சூடேற ஏறத் தகடு சுருளும். மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. அந்தச் சுருளலே நிழலையும் காற்றோட்டத்தையும் தருகிறது, சூட்டையும் காட்டிக்கொடுக்கிறது.

இரண்டு வேலையையும் ஒரே சொல் தாங்க வேண்டும். என் பரிந்துரை: வெப்பந்துலங்கு கட்டடம். உளவியல் பாடத்தில் ‘தூண்டல் – துலங்கல்’ படித்திருப்போம். அங்கே துலங்கல் என்றால் எதிர்வினை. வழக்கிலோ துலங்குவது என்றால் பளிச்சென்று தெரிவது. பாத்திரம் துலக்குகிறோமே!

(கட்டடமா கட்டிடமா என்ற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.)

– குன்னூரிலிருந்து

> மூடுபனி விலகி வெயில் ஏறியதும் எங்கள் கோத்தகிரித் தகரக் கூரை டக் டக்கென்று சத்தம் போடும். அதுவும் உலோகம் விரிவதுதானே? அதையும் துலங்கு என்பீர்களா?

மாட்டேன். அது காதுக்குக் கேட்பது. கண்ணுக்குத் தெரிந்தால்தான் துலங்கல். சாயத்தை மட்டும் குறிக்க ‘வெப்பநிறமி’ போதும், கட்டடத்துக்கு அதை இழுக்க வேண்டாம். வேறு மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.