மத்த பேரன்ட்ஸ் என்ன சொல்வாங்க?

வேளச்சேரி அம்மா:
மூன்று வருடம் ஆகிறது, அந்த நாற்காலி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மகனுக்கு ஆட்டிசம், யூகேஜி. எல்லாம் சொல்லித்தான் சேர்த்தோம். ஒருநாள் சீக்கிரமே அழைத்துவரப் போனால், வகுப்புக்கு வெளியே செருப்பு விடும் இடத்தில் ஒரு நாற்காலியில் அவனைத் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே பிள்ளைகள் பாட, இவன் வெளியிலிருந்தே தாளம் தப்பாமல் கை தட்டிக்கொண்டிருந்தான். மிஸ்ஸைக் கேட்டேன். "மத்த பேரன்ட்ஸ் கம்ப்ளைன்ட் பண்றாங்க மேடம்" என்றார்.

வியாசர்பாடி டீச்சர்:
வலி புரிகிறது, ஆனால் மிஸ்ஸை மட்டும் குறை சொல்லாதீர்கள். என் வகுப்பில் 38 பேர். அதில் காது சரியாகக் கேட்காத ஒரு பெண். சிறப்பாசிரியர் வாரத்தில் ஒருநாள்தான் வருவார். ஒரு பருவம் முழுக்க போர்டு பக்கம் திரும்பிக்கொண்டே பாடம் நடத்தியிருக்கிறேன், அவள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்காரும் பையன்தான் சொன்னான், "டீச்சர், நீங்க திரும்பினா அவளுக்குப் பாடம் நின்னுடும்."

அண்ணா நகர் அப்பா:
38 பேர் இருக்கட்டும் டீச்சர், அதற்காகக் குழந்தையை வெளியே உட்கார வைக்கலாமா? என் மகளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளைப் படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம். ஐந்தாவது வரை சோம்பேறி என்றே பெயர். அதை விடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, ஆட்டிசமும் டிஸ்லெக்சியாவும் அதில் உண்டு. பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும் என்கிற 16வது பிரிவு, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் பொருந்தும். யூடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை, எடுத்துவிடுங்கள். பள்ளியிடம் எதையும் வாயால் பேசாதீர்கள், கடிதமாகக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்குப் பத்தாவது பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. ஒன்பதாவதிலேயே சான்றிதழைத் தயார் செய்யுங்கள், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

பெரம்பூர் அம்மா:
வேளச்சேரி அம்மா, அந்த மத்த பேரன்ட்ஸில் நானும் ஒருத்தி. பள்ளி வேறு, ஆனால் செய்தது அதேதான். போன வருடம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில், ஒரு பையன் கத்துகிறான், மற்ற பிள்ளைகள் படிப்பு கெடுகிறது என்று கடிதம் சுற்றியது. யோசிக்காமல் என் பெயரையும் போட்டேன். பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் என் மகள் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். ஏன் சாப்பிடவில்லை என்றேன். "டப்பா டைட்டா இருந்துச்சும்மா, தினமும் அவன்தான் திறந்து தருவான்."