எஸ்.எல்.ஏ: எந்தக் குற்றத்துக்கு யார் உள்ளே போனார்கள்?

ஆதிரை:
1970-களில் கலிஃபோர்னியாவில் இயங்கிய ஆயுதக் குழுவான சிம்பியோனீஸ் விடுதலைப் படை (எஸ்.எல்.ஏ) பற்றி எதைப் படித்தாலும், பத்திரிகை அதிபர் குடும்பத்துப் பெண்ணான பாட்ரிசியா ஹெர்ஸ்ட் கடத்தலோடு நின்றுவிடுகிறது. எனக்கு வேண்டியது வழக்கு விவரம். மார்கஸ் ஃபாஸ்டர் கொலையில் யாருக்குத் தண்டனை? அதில் காத்லீன் சொலையாவும் இருந்தார் என்று ஒரு கட்டுரை சொல்கிறது, சரியா? கார்மைக்கேல் (சாக்ரமெண்டோவை ஒட்டிய ஊர்) வங்கிக் கொலை ஏன் 2002 வரை இழுத்தது?

வழக்குக்கட்டு:
சரியில்லை. 1974 மே 17-க்கு முன், பின் என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சொலையா பின்னால் வந்தவர்.

ஓக்லாந்தின் முதல் கறுப்பினப் பள்ளிக் கண்காணிப்பாளர் ஃபாஸ்டர். 1973 நவம்பர் 6 அன்று சயனைடு அடைத்த குண்டுகளால் சுட்டுக் கொன்றார்கள். துணை அதிகாரி ராபர்ட் பிளாக்பர்ன் படுகாயத்தோடு பிழைத்தார். மாணவர் அடையாள அட்டைத் திட்டம்தான் காரணம் என்றார்கள். அதை ஃபாஸ்டரே ஏற்கெனவே தளர்த்தியிருந்தார்! கறுப்பின உரிமை அமைப்பான கருஞ்சிறுத்தைகள் உட்பட இடதுசாரிகளே இதைக் கண்டித்தார்கள்.

1974 ஜனவரி 10, கான்கார்ட் பகுதியில் சந்தேகத்தில் ஒரு வேனைப் போலீஸ் நிறுத்தியதில் எஸ்.எல்.ஏ ஆட்கள் ஜோசப் ரெமிரோ, ரஸ்ஸல் லிட்டில் சிக்கினார்கள். இருவருக்கும் ஆயுள். லிட்டிலின் தீர்ப்பு மேல்முறையீட்டில் ரத்தாகி, 1981 மறுவிசாரணையில் விடுதலையானார். ஆக, அந்தக் கொலைக்குத் தண்டனை நிலைத்தது ரெமிரோ ஒருவருக்கே.

தென்பொதிகை:
மே 17-ல் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். முந்தின நாள் இங்கிள்வுட் விளையாட்டுப் பொருள் கடையில் எஸ்.எல்.ஏ உறுப்பினர் பில் ஹாரிஸ் அற்பப் பொருளைத் திருடப்போய் ஊழியர்களிடம் மாட்டினார். கடத்தப்பட்ட பின் கும்பலோடே சேர்ந்துவிட்ட ஹெர்ஸ்ட், வெளியே வேனிலிருந்து கடை முகப்பைச் சுட்டு அவரை மீட்டார். கைவிட்ட வேனில் ஒரு பார்க்கிங் அபராதச் சீட்டு கிடந்தது. அதிலிருந்த முகவரி போலீசை நேரே மறைவிடத்துக்குக் கொண்டுபோனது. கும்பல் அதற்குள் கிழக்கு 54-வது தெரு வீட்டுக்கு மாறியிருந்தது. அங்கே முற்றுகை, துப்பாக்கிச் சண்டை, தீ. தலைவர் டொனால்ட் டிஃப்ரீஸ், நான்சி லிங் பெர்ரி, ஏஞ்சலா ஆட்வுட், பாட்ரிசியா சோல்டிசிக், கமிலா ஹால், வில்லி வுல்ஃப் ஆகிய ஆறு பேரும் செத்தார்கள். வெளியே மிஞ்சியது பில், எமிலி ஹாரிஸ் தம்பதியும் ஹெர்ஸ்ட்டும்தான். ஆட்வுட்டின் தோழியான சொலையா இதற்குப் பிறகே இவர்களோடு சேர்ந்தார்.

ஆதிரை:
நன்றி. கார்மைக்கேல்?

வழக்குக்கட்டு:
1975 ஏப்ரல் 21, குரோக்கர் வங்கி. தேவாலயக் காணிக்கைப் பணத்தைக் கட்ட வந்த மிர்னா ஓப்சால், 42 வயது, நான்கு பிள்ளைகளின் தாய், சுடப்பட்டு இறந்தார். சொலையாவின் தம்பி ஸ்டீவன் மீது மட்டும் கொள்ளை வழக்கு நடந்தது, 1976-ல் விடுதலை. அதோடு கோப்பு தூங்கிவிட்டது. சுட்டது எமிலி ஹாரிஸ் என்று 1982-ல் ஹெர்ஸ்ட் தன் நினைவுக் குறிப்பில் எழுதியும் அரசுத் தரப்பு அசையவில்லை.

அசைத்தது வேறொரு வழக்கு. 1975 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் வண்டிகளின் கீழ் வைத்த குண்டுகள் வெடிக்கவில்லை. அதில் தேடப்பட்ட சொலையா, மினசோட்டாவில் சாரா ஜேன் ஓல்சன் என்ற பெயரில் இருந்தபோது 1999-ல் பிடிபட்டார். அந்த விசாரணைக்காகப் பழைய சான்றுகளைத் தோண்டினார்கள். மிர்னாவின் மகனும் விடாமல் நெருக்கினார். 2002 ஜனவரியில் கொலைக் குற்றச்சாட்டு பதிவானது.

தென்பொதிகை:
கொள்ளையின்போது உயிர் போனால், சுடாதவர் மீதும் கொலைக் குற்றம் விழும் என்பது அப்போதைய கலிஃபோர்னியச் சட்டம் (2019 முதல் இது சுருக்கப்பட்டது). துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்று எமிலி சொன்னாலும் அது தப்பிக்க வழியில்லை. அதனால் ஒப்பந்தம் பேசி, இரண்டாம் நிலைக் கொலையை ஒப்புக்கொண்டார்கள்: எமிலிக்கு 8 ஆண்டு, பில்லுக்கு 7, சொலையாவுக்கும் குழுவின் இன்னொரு கூட்டாளி மைக்கேல் போர்ட்டினுக்கும் 6. தலைமறைவாக இருந்த கூட்டாளி ஜேம்ஸ் கில்கோர் 2002 நவம்பரில் கேப்டவுனில் பிடிபட்டார், அவருக்கும் 6.

தப்பிக்கும் வண்டிகளில் ஒன்றை ஓட்டியதாகத் தானே எழுதிய ஹெர்ஸ்ட் மீது இதில் வழக்கே இல்லை. அவர் சிறை போனது 1974 ஹைபர்னியா வங்கிக் கொள்ளைக்கு. 7 ஆண்டுத் தண்டனையை 1979-ல் கார்ட்டர் குறைத்தார், 2001-ல் கிளின்டன் மன்னிப்பு கொடுத்தார்.