கம்ப்யூட்டர் சயின்ஸ், கட்-ஆஃப் 187.5: சாய்ஸ் பட்டியலில் எதை மேலே வைப்பது?

தறிவீடு:
வணக்கம். மகள் பொறியியல் கலந்தாய்வில் முதல் சுற்றில் வருகிறாள். கணிதம் 94, இயற்பியல் 95, வேதியியல் 92. கணிதத்தை முழுதாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் கூட்டினால் கட்-ஆஃப் 187.5, பி.சி. பிரிவு. ஊர் சங்கரன்கோவில். கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறு பேச்சே இல்லை அவளிடம்.

பிரவுசிங் சென்டரில் வைத்துத்தான் சாய்ஸ் போட்டோம். அங்கிருந்த தம்பி மொத்தம் 11 கல்லூரிதான் போட்டார். "நிச்சயம் கிடைக்கிறதை முதல்ல போடுங்க, பெரிய காலேஜ் மேல இருந்து கிடைக்கலைன்னா சாய்ஸ் வீணாயிரும்" என்று சொல்லி, பக்கத்தில் உள்ள ஒரு தனியார் கல்லூரியை முதலில் வைத்துவிட்டார். மதுரை தியாகராஜர் ஒன்பதாவது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி கல்லூரி கடைசி. பட்டியலை இன்னும் லாக் செய்து உறுதிப்படுத்தவில்லை, நாளை மாலை 5 மணி வரை நேரம் இருக்கிறது. எனக்கு என்னமோ இடிக்கிறது. சரியா இது?

நெல்லையக்கா:
தப்பு அண்ணாச்சி. நல்லவேளை லாக் பண்ணவில்லை.

சாய்ஸ் வீணாவது என்று ஒன்று கிடையாது. ரேங்க் வரிசையில் உங்கள் மகளின் முறை வரும்போது கணினி அவளுடைய முதல் சாய்ஸைப் பார்க்கும். பொதுப் பிரிவிலோ பி.சி.யிலோ அங்கே இடம் இருந்தால் கொடுத்துவிடும். இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது என்று இறங்கிக்கொண்டே போகும். கிண்டியை மேலே வைத்துக் கிடைக்காமல் போனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் உங்கள் பட்டியலில் முதலில் இருக்கும் பக்கத்துக் கல்லூரி முதல் பார்வையிலேயே கிடைத்துவிடும், கணினி அதோடு நின்றுவிடும். தியாகராஜரில் இடம் இருந்ததா என்று பார்க்கக்கூடப் பார்க்காது.

ஆசைப்படுகிற வரிசையிலேயே போடுங்கள். பாதுகாப்புக்காக வரிசையை மாற்ற வேண்டாம், பட்டியலை நீட்டினால் போதும். சாய்ஸுக்கு உச்சவரம்பு இல்லை. 11 எல்லாம் எந்த மூலைக்கு?

தறிவீடு:
சரிங்க அக்கா. போன வருஷம் எந்தக் கல்லூரி எத்தனை கட்-ஆஃபில் முடிந்தது என்று பார்த்துப் பிரிக்கலாமா?

நெல்லையக்கா:
கட்-ஆஃபை வைத்துப் பார்க்காதீர்கள், ரேங்க்கை வைத்துப் பாருங்கள். ஒரு வருஷம் கணக்குப் பேப்பர் எளிதாக வந்தால் அதே 187.5-க்கு முன்னால் இன்னும் பல ஆயிரம் பேர் வந்து நின்றுவிடுவார்கள். மார்க் அதேதான், இடம் வேறு. கலந்தாய்வு இணையதளத்தில் போன ஆண்டுகளின் விவரம் சமூகப் பிரிவு வாரியாக இருக்கிறது. பி.சி.க்குக் கடைசியாக இடம் கிடைத்தவரின் ரேங்க்கை மகளுடைய ரேங்க்கோடு ஒப்பிடுங்கள். அவளைவிட நன்றாக முன்னால் முடிந்தவை ஆசைக் கல்லூரிகள், ஏழெட்டு போதும். கிட்டத்தட்ட அதே இடத்தில் முடிந்தவைதான் முக்கியம், இங்கேதான் பட்டியல் அடர்த்தியாக இருக்க வேண்டும். நன்றாகத் தள்ளி முடிந்தவற்றில் குறைந்தது பத்து கீழே இருக்கட்டும். உண்மையிலேயே சேரத் தயாராக இருப்பதை மட்டும் போடுங்கள். கிடைத்தபிறகு மூக்கைச் சிந்தக்கூடாது.

இன்னொன்று. ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற வரம்பை, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ 2024-25-இல் எடுத்துவிட்டது. சில தனியார் கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸை அகலப்படுத்திவிட்டன. அங்கெல்லாம் பழைய கணக்கு அப்படியே பொருந்தாது.

இரவுப்பணி:
நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். பிள்ளையிடம் சொல்லுங்கள், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஒரே பெயரில் தொங்க வேண்டாம். ஐ.டி. பாடத்திட்டம் பெரும்பாலும் அதேதான், வேலைக்கு எடுக்கும்போது யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஏஐ-டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று புதிதாகத் தொடங்கியிருக்கும் பிரிவுகளில் மட்டும் கொஞ்சம் நிதானம். பாடம் நடத்த ஆள் இருக்கிறதா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். என்பிஏ என்ற தர அங்கீகாரம் கல்லூரி முழுவதற்கும் சேர்த்துத் தருவதில்லை, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத் தருவது. வாசலில் பெரிய போர்டு இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள்.

நல்ல கல்லூரியில் ஈசிஇ-யா (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்), சுமாரான கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸா என்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

நெல்லையக்கா:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைக்குச் சர்க்யூட் பிடிக்காவிட்டால் நான்கு வருஷம் நரகம். அவளிடமே கேளுங்கள் அண்ணாச்சி, நாம் இரண்டு பேரும் படிக்கப் போவதில்லை.

தறிவீடு:
கேட்டேன். ஐ.டி.க்குச் சரி என்கிறாள், ஈசிஇ வேண்டவே வேண்டாமாம். இப்போது பட்டியல் 46-க்கு வந்துவிட்டது. கிண்டி, குரோம்பேட்டை எம்ஐடி, கோவை பிஎஸ்ஜி, அங்கேயே உள்ள அரசுக் கல்லூரி ஜிசிடி, தியாகராஜர் என்று வரிசையாகப் போட்டிருக்கிறோம். அண்ணா பல்கலைக்கழகம் என்ற பெயரில் இன்னும் நாலைந்து வருகிறதே, அதையும் கிண்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

நெல்லையக்கா:
ஐயோ, அவை கிண்டி வளாகம் இல்லை. திருநெல்வேலி, மதுரை, கோவை மண்டல வளாகங்களும், நாகர்கோவில், தூத்துக்குடி, திண்டுக்கல் மாதிரி உறுப்புக் கல்லூரிகளும் அதே பெயரில்தான் வரும். கட்டணம் குறைவு, ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அவற்றுக்கு உரிய இடத்தில் வையுங்கள். அரசு பொறியியல் கல்லூரி என்ற பெயரும் அப்படித்தான். சேலம், திருநெல்வேலி, போடி, பர்கூர் என்று பல ஊர்களில் இருக்கிறது. பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள்.

அப்புறம், உங்கள் வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழ் விண்ணப்பத்தில் ஏறியிருக்கிறதா பாருங்கள். கலந்தாய்வு வழியாக வரும் இடத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது.

தறிவீடு:
சான்றிதழ் ஏறியிருக்கிறது. ஒரு கூத்து என்னவென்றால், லாக் செய்யப் போனால் ஓடிபி வரவில்லை. பதிவில் பிரவுசிங் சென்டர் தம்பியின் போன் நம்பர்! கல்யாண வீட்டில் இருந்தவரைப் பிடித்து, எண்ணைக் கேட்டு வாங்குவதற்குள் மணி நாலே முக்கால்.

இரவுப்பணி:
நேரம் தாண்டினால் சேமித்து வைத்த பட்டியலே தானாகப் பூட்டிக்கொள்ளும். பழைய பதினொன்று அப்படியே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தறிவீடு:
தற்காலிக ஒதுக்கீடு வந்துவிட்டது. 19-ஆவது சாய்ஸ், ஐ.டி. பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். ஏற்றுக்கொண்டு சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே காத்திருப்பதா என்று கேட்கிறது. காத்திருந்தால் இது போய்விடுமா?

நெல்லையக்கா:
வாழ்த்துகள்! ஏற்றுக்கொண்டு காத்திருந்தால் இந்த இடம் கையில் இருக்கும். கெடுவுக்குள் பணம் மட்டும் கட்டிவிட வேண்டும். மேலே உள்ள 18-இல் ஏதாவது காலியானால் அதற்கு மாற்றிவிடுவார்கள், மாறிய பிறகு இது திரும்பக் கிடைக்காது. அந்த 18-இல் எது வந்தாலும் இதைவிடச் சந்தோஷம்தானா?

தறிவீடு:
கோவைக்கு ஹாஸ்டலில் அனுப்ப அவள் அம்மாவுக்குத்தான் மனசில்லை. மகளுக்குச் சந்தோஷம்தான். காத்திருப்பதாகவே கொடுத்துவிட்டோம். பணம் கட்ட நாளைக் காலையில் கிளம்புகிறோம்.