பழைய பித்தளை பம்ப் ஸ்டவ்: பம்புத் தண்டு தானாக மேலே வருகிறது, தீ ஒருபக்கம் சாய்கிறது

கேள்வி: ஈயச்சொம்பு

வணக்கம். ஸ்வீடன் பிரைமஸ், சத்தம் போடும் பர்னர் வகை, மூன்று கால். டேங்க் மேல் பி. ஏ. யோர்த் கம்பெனி முத்திரை தெளிவாக இருக்கிறது. ஓட்டை உடைசல் கண்ணுக்குத் தெரியவில்லை. பிரச்சினை மூன்று:

1. முதலில் பம்பு அடித்தால் காற்றே ஏறாது. பம்பின் தோல் வாஷரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டபின் ஏறுகிறது.
2. ஏறியபின் கையை எடுத்தால் தண்டு மெல்ல மேலே வருகிறது, ஓரத்தில் மண்ணெண்ணெய் கசிகிறது.
3. தீ நீலமாக நிற்காமல் ஒருபக்கம் மஞ்சளாகச் சாய்கிறது.

வெளியே ஒரே கறுப்பு. முதலில் பாலிஷ் போட்டுவிட்டுப் பிறகு இதைப் பார்க்கலாமா?

பதில்: காயலான்கடை

பாலிஷை மறந்துடுங்க. உங்க இரண்டாவது பிரச்சினைதான் ஆபத்து. எரியுற பர்னர்கிட்ட மண்ணெண்ணெய் கசியுது, அதைச் சரி பண்ணாம பத்த வைக்கவே கூடாது.

தண்டு மேலே வந்தா வாஷரைத் திட்டாதீங்க. பம்புக் குழாயின் அடியில ஒருவழி வால்வு இருக்கு. கிணத்து மோட்டாருக்கு ஃபுட்வால்வு மாதிரி. அதுக்குள்ள சின்ன ஸ்பிரிங், அதன் தலையில ஒரு கார்க் துண்டு. வருஷக்கணக்கா அழுத்தி அழுத்திக் கார்க்ல வட்டமா பள்ளம் விழுந்திருக்கும். டேங்க்ல இருக்குற அழுத்தம் அந்த வழியா திரும்பி வந்து வாஷரைத் தள்ளுது.

கழட்டுறதுதான் வேலை. வால்வு தலையில இருக்குற வெட்டுக்குப் பொருந்துற மாதிரி ஒரு இரும்புக் கம்பி முனையை ராவிக்கணும். வெட்டைவிட மெலிசா இருந்தா வழுக்கும், பித்தளை மழுங்கிடும், அப்புறம் யாராலும் எடுக்க முடியாது. கம்பியை வைஸ்ல செங்குத்தா, முனை மேலே இருக்குற மாதிரி பிடிங்க. காலி ஸ்டவ்வைத் தலைகீழாக் கவிழ்த்து, கம்பி வெட்டுக்குள்ள உட்கார்ந்ததும் மேலிருந்து உடம்பு பாரத்தைக் கொடுத்து டேங்கைத் திருப்புங்க. திரும்புறது ஸ்டவ், கம்பி இல்ல. கால்களைப் பிடிச்சுத் திருப்பாதீங்க, பற்று (உலோகம் உருக்கி ஒட்டின இணைப்பு) விட்டுடும். அசையலன்னா முந்தின ராத்திரி துரு இளக்குற எண்ணெய் விட்டு ஊறவிட்டு, காலையில பம்புக் குழாய்க்குள்ள கொதிக்கிற தண்ணி ஊத்திட்டு முயற்சி பண்ணுங்க.

கார்க்குக்குப் பதிலா நைட்ரைல் ரப்பர் ஷீட்ல, பழசோட அதே கனத்துக்கு வெட்டிப் போடுங்க. 'விட்டான்' ரப்பர் கிடைச்சா இன்னும் நல்லது. சைக்கிள் டியூப் வேண்டாம், மண்ணெண்ணெய்ல ஊதிப்போய் வால்வையே அடைச்சுடும்.

தோல் வாஷரை ஒரு ராத்திரி விளக்கெண்ணெய்ல ஊறப்போட்டு, விளிம்பைக் கட்டைவிரலால வெளிப்பக்கமா விரிச்சுவிடுங்க. கிண்ணத்தோட வாய் கீழே பார்க்கணும். தேங்காய் எண்ணெய் குளிர்ல உறைஞ்சுடும்.

பதில்: நிப்பிள்32

தீ சாய்வதற்கு வருகிறேன். முதலில் பர்னர் மேல் உட்காரும் தட்டு மூடியைப் பாருங்கள். அது கோணலாக இருந்தாலே தீ ஒருபக்கம் போகும். நிறையப் பேர் இதைப் பார்க்காமல் நிப்பிளை (ஆவி பீய்ச்சும் துளையுள்ள சின்னத் திருகு) மாற்றுகிறார்கள்.

மூடி சரியென்றால் நிப்பிள். பெரிய பர்னருக்குத் துளை 0.32 மி.மீ., சின்ன ஸ்டவ்களுக்கு 0.28. பின் போட்டுப் போட்டுத் துளை பெருத்தாலோ நீள்வட்டமானாலோ ஆவி அதிகம் வரும், அதற்கு ஈடான காற்று சேராது. மஞ்சள் தீயும் கரியும் அதனால்தான். கழற்றி வெளிச்சத்தில் பிடித்து லென்ஸில் பாருங்கள். வட்டம் கெட்டிருந்தால் புதுசு, வேறு வழியில்லை.

பர்னர் குழாய்களுக்குள் கரி கட்டியிருந்தாலும் அழுத்தம் போதாமல் தீ தொங்கும். பர்னரைத் தனியே கழற்றி மங்கலான சிவப்பு வரும்வரை சுட்டு ஆறவிட்டால் கரி பொடியாகிவிடும். சைக்கிள் பிரேக் கேபிள் துண்டு ஒன்றின் நுனியைப் பிரித்துவிட்டு உள்ளே சுழற்றுங்கள். தட்டி, ஊதி, மண்ணெண்ணெயில் அலசுங்கள். மறுபடி மாட்டும்போது அடியில் ஈய வாஷர் புதிதாகப் போட வேண்டும், நசுங்கிய பழசு இரண்டாம் முறை அடைக்காது.

இன்னொன்று: ஸ்பிரிட் கிண்ணம் நிறைய ஊற்றி, அது எரிந்து முடியப்போகும்போதுதான் பம்பு அடிக்க வேண்டும். பர்னர் சூடேறுமுன் அடித்தால் எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே பீய்ச்சும். அப்படி ஆனால் உடனே காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள். டேங்கில் முக்கால் பாகத்துக்கு மேல் எண்ணெய் கூடாது. பெட்ரோல் என்ற பேச்சே வேண்டாம்.

பதில்: புளிக்கரைசல்

கறுப்பை எடுக்க: வெதுவெதுப்பான தண்ணீர் லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட், 20 நிமிடம். அதற்குமேல் விட்டால் துத்தநாகம் கரைந்து பித்தளை செம்பு நிறமாகிவிடும். பிறகு சோடா உப்புத் தண்ணீரில் அலசித் துடைக்கவும். புளியும் போதும், கை வலிக்கும் அவ்வளவுதான். பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டால் முத்திரை எழுத்து மழுங்கும்.

அம்மோனியா கலந்த பாலிஷ் மட்டும் வேண்டாம். அழுத்திச் செய்த பித்தளைக்கு அதுதான் எமன். வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் விரிசல் விட்டன. லாயத்து அம்மோனியாதான் காரணம் என்று பின்னாளில் தெரிந்தது. ஆங்கிலத்தில் இன்றைக்கும் இதைப் 'பருவ விரிசல்' என்றே சொல்கிறார்கள்.

ஈயச்சொம்பு

வால்வு கழன்றது, கார்க்கில் சொன்ன மாதிரியே வட்டப் பள்ளம். ஆனால் கழுவியபின் பம்புக் குழாய் டேங்கில் சேரும் இடத்தில் முடி போல ஒரு கோடு தெரிகிறது. கீறலா விரிசலா?

பதில்: காயலான்கடை

கழுத்துக் குழாயை (டேங்க்ல இருந்து பர்னருக்குப் போற குழாய்) அடைச்சுட்டு, புது வால்வோட பத்து தடவை அடிச்சு, வாளித் தண்ணில முக்குங்க. குமிழி வந்தா விரிசல். வரலன்னாலும் அழுத்தத்தோட ஒரு நாள் வச்சுப் பாருங்க.

பற்று மட்டும் விட்டிருந்தா ஈயப் பற்று போதும், டேங்க் கை பொறுக்குற சூட்டுக்கு மேல போகாது. பற்று போடுறதுக்கு முன்னால டேங்கை அலசி, பற்று போடுற இடத்துக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் தண்ணி நிரப்புங்க. மூடியைத் திறந்தே வைங்க. காலி டேங்க்ல தங்குற மண்ணெண்ணெய் ஆவி வெடிக்கும். பர்னர்கிட்ட, கழுத்துக் குழாய்ல ஈயம் நிக்காது, அங்கே வெள்ளிப் பற்றுதான்.

விரிசல் தகட்டுக்குள்ளயே ஓடியிருந்தா பற்று போட்டாலும் அது மேலும் ஓடும். அந்த ஸ்டவ்வுக்கு இனி அலமாரிதான். நிப்பிளைக் கழட்டி வச்சுடுங்க, யாரும் தெரியாம பத்த வைக்காம இருக்கட்டும்.